பாதியில் நின்ற கூரை

கோடை விடுமுறை நெருங்கினால் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "இந்த ஆண்டாவது ஒரு கேம்பர் வாங்கிவிடலாமா?" என்பதே அது. ஓட்டல் அறைகளின் வாடகையோ கட்டுப்படியாவதில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களைக் கூடாரத்தில் வெறுந்தரையில் படுக்கவைக்க மனம் வருவதில்லை. இந்த நிலையில், பழைய பாப்-அப் கேம்பர் ஒன்று மலிவாக விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்ததும் அதன்மேல் நாட்டம் செல்வது இயற்கையே. அப்படி வாங்கிய வண்டி ஒன்று நடுவழியில் நமக்குக் கற்பித்த பாடத்தை நேயர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

இவ்வண்டியைப் பாராதவர்களுக்காகச் சிறிது விளக்குவோம். காரின் பின்னால் இழுத்துச் செல்லும்போது இது இடுப்பளவு உயரமுள்ள ஒரு பெட்டி. முகாமிடும் இடத்தில் நிறுத்தி, முன்புறமுள்ள கைப்பிடியைச் சுற்றினால், மேல்மூடி நான்கு மூலைகளிலும் உள்ள குழாய்க்கால்களின் மேல் எழுந்து கூரையாகிறது. இருபுறமும் படுக்கைப் பலகைகள் வெளியே நீளுகின்றன; சுற்றிலும் கித்தான் சுவர். அரை மணி நேரத்தில் ஆறு பேர் உறங்கும் வீடு ஆயத்தமாகிவிடும்.

இந்தக் கூரை தூக்கும் பொறிக்கு ஒரு வரலாறும் உண்டு. இந்தியானா மாநிலத்து மிடில்பரி என்னும் ஊரில் லாயிட் பான்ட்ரேகர் என்பவர் மடக்கு வண்டிகளின் கூரையைத் தூக்கும் பொறி ஒன்றை அமைத்து, 1968-இல் தம் பண்ணையிலேயே ஜேகோ கம்பெனியைத் தொடங்கினார். நாம் வாழும் பென்சில்வேனியாவிலும், பிட்ஸ்பர்க்குக்குச் சுமார் எழுபது மைல் தொலைவிலுள்ள சாமர்செட் நகரில், கோல்மன் பெயர் தாங்கிய வண்டிகள் நெடுங்காலம் உருவாயின. அத்தொழில் 1989-இல் ப்ளீட்வுட் கம்பெனியின் கைக்கு மாறிற்று. 2011-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆகவே விலைக்கு வரும் பழைய வண்டிகளில் பல, செய்தவர்களே இல்லாத வண்டிகள். அவற்றைப் பழுது பார்ப்பது வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. நாம் சொல்லப்போகும் வண்டி எந்தக் கம்பெனியுடையது என்பதை இங்கே எழுதவில்லை. குற்றம் செய்தவருடையது அன்று. கவனிப்பாரற்றுக் கிடந்த ஆண்டுகளுடையது.

வண்டியை வாங்கியவர் நம் நண்பர், பிச்சாட்டூர்க்காரர். திருப்பதிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் இடைப்பட்ட அந்தச் சாலையில் சென்றவர்கள் ஊரை அறிவார்கள். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று இரண்டும் கலந்து புழங்கும் பகுதி அது. பென்ஹில்ஸில் 1976-இல் எழுந்த வேங்கடேசுவரர் கோயிலில்தான் நமக்கு அவர் முதலில் அறிமுகமானார். "எங்கள் ஊர்ச் சாமியைத் தேடி வந்தேன்" என்று உரிமையோடு சொல்லிக்கொண்டார். 2023 ஜூலையில் அவருடைய மாமனாரும் மாமியாரும் பிச்சாட்டூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களை ஏரிக்கரையில் நான்கு நாள் தங்கவைக்கவேண்டும் என்பதற்காகவே அந்த வண்டி வாங்கப்பட்டது. லாரல் ஹில் பூங்காவுக்கு நாமும் குடும்பத்தோடு உடன் சென்றோம்.

மாலை ஆறு மணி. மழை வரும் போலிருந்தது. நண்பர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். கூரை இரண்டடி எழுந்தது. அப்போது பின்புறத்து இடமூலை மட்டும் தயங்கி நின்றது. மற்ற மூன்று மூலைகளும் ஏற ஏறக் கூரை சாய்ந்தது. கைப்பிடி கனத்தது. நண்பர் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, இரு கைகளாலும் பிடித்து அழுத்தலானார். இதற்கிடையில் அவருடைய இளைய மகள், ஆறு வயதுக் குழந்தை, போர்வையை எடுப்பதற்காகக் கூரைக்கும் பெட்டிக்கும் நடுவே தலையையும் தோளையும் நுழைத்துவிட்டாள். நம் வீட்டார் பாய்ந்து அவளை வெளியே இழுத்தார்கள்.

"மாப்பிள்ளை, சுற்றுவதை நிறுத்துங்கள்" என்றார் மாமனார். அதுவரை அவர் ஒரு மடக்கு நாற்காலியில் பேசாது அமர்ந்திருந்தார்.

"இன்னும் நாலு சுற்று மாமா, ஏறிவிடும்."

"நாலு சுற்றில் ஏறாது, அறும். கப்பி அழுகிறதே, காதில் விழவில்லையா?"

நமக்கு எதுவும் விழவில்லை என்பதே உண்மை. பெரியவர் இளமையில் கிணற்றில் கவலை இறைத்தவர். மாடு பின்னே வரும்போதும் முன்னே போகும்போதும் வடக்கயிறு கப்பியில் எழுப்பும் ஒலியைக் கேட்டே, எண்ணெய் வேண்டுமா, கயிறு தேய்ந்ததா என்று அறிந்த காது அது. பின்னாளில் ஆரணியாற்று நீர்த்தேக்கத்தின் பாசனத்தில் பயிர் செய்தார். சுமார் 1.85 டி.எம்.சி. நீர் கொள்ளும் அந்தத் தேக்கம் நிரம்பி ஷட்டர் திறந்தால், வெள்ளம் சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்று தமிழகத்துக்குள் பாய்ந்து பழவேற்காட்டுப் பக்கம் கடலைச் சேரும். தூக்குகிற பொறி எதுவானாலும் அது எதனால் நிற்கிறது, எதனால் அறுகிறது என்று கவனிப்பது அந்தப் பகுதி மக்களுக்கு இயல்பு. 2024 ஆகஸ்டு 10-ஆம் நாள் இரவு துங்கபத்திரை அணையின் 19-ஆம் எண் கதவு, சங்கிலி அறுந்து வெள்ளத்தோடு போனபோது, அவர் தொலைபேசியில் நம்மிடம் முதலில் நினைவூட்டியது இந்தக் கேம்பரைத்தான்.

அன்றிரவு நடந்ததைச் சொல்லுமுன், பொறியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். அது தெரியாமல் எதுவும் விளங்காது.

கைப்பிடியின் அடியில் இருப்பது ஒரு வின்ச். அதன் உருளையில் ஓர் இரும்பு வடம் சுற்றிக்கொள்கிறது. வடம் வண்டியின் அடியே ஓடி, நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தை இழுக்கிறது. அதிலிருந்து நான்கு மூலைக்கும் தனித்தனி வடங்கள் பிரிந்து, கப்பிகளின் மேல் திரும்பிச் செல்கின்றன. சில வண்டிகளில் இவ்வடங்களே ஒன்றனுள் ஒன்று நுழைந்த குழாய்க்கால்களை மேலே இழுக்கும். வேறு சிலவற்றில், குழாயினுள்ளே நீண்டு கிடக்கும் சுருள்கம்பி ஒன்றை அவை தள்ளும். சுருள் கீழிருந்து காலை உந்தும். இரண்டிலும் தத்துவம் ஒன்றே. நடுச் சட்டத்தை நாம் ஏரின் நுகத்தடிக்கு ஒப்பிடலாம். இரண்டு மாடும் ஒத்து நடந்தால் நுகம் நேராக இருக்கும். ஒன்று நின்றுவிட்டால் நுகம் கோணும், மற்றது மட்டும் முன்னே போகும். ஒரு மூலையில் தடை ஏற்பட்டால் கூரை சாய்வது இதனாலேதான். சாய்ந்த கூரை நான்கு குழாய்க்கால்களையும் பக்கவாட்டில் நெருக்குகிறது. நெருக்குண்ட குழாய் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. அந்நிலையில் கைப்பிடியில் நாம் செலுத்தும் வலிவு முழுவதும் நலிந்த வடத்தின்மேல் போய் விழுகிறது. அது அறுந்தால், அந்த மூலை ஒரே நொடியில் கீழே வரும்.

கூரையின் எடை என்ன என்று கேட்கலாம். வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலும் நூறு கிலோவைத் தாண்டிவிடும். பத்தடிக்கு ஏழடி கொண்ட கூரையில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மழைநீரோ உருகும் பனியோ நின்றால் அதுவே மேலும் 65 கிலோ. குளிர்காலத்துப் பனியைத் துடைக்காமல் கூரையைத் தூக்கிப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளவேண்டும்.

பெரியவர் முதலில் செய்யச் சொன்னது முட்டுக் கொடுப்பது. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் இல்லாவிட்டால் தேர் நிலைக்கு வராது. நாமோ அச்சொல்லை இடையூறு செய்வோரைத் திட்டுவதற்கே உபயோகிக்கிறோம்! விறகுக் குவியலில் கிடந்த கட்டைகளையும், பக்கத்து முகாமில் ஒருவர் தந்த மரச்சட்டங்களையும் கொண்டு நான்கு மூலைகளையும் தாங்கினோம். முட்டு, கூரை விளிம்பின் உறுதியான சட்டத்தின் கீழ், மூலையை ஒட்டி நிற்கவேண்டும். நடுவில் வைத்தால் கூரை வளையும். சக்கரங்களுக்கும் கட்டை வைத்தோம். அதன் பிறகே எவரையும் வண்டியின் அடியில் செல்லப் பெரியவர் அனுமதித்தார்.

டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்த நண்பர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்புறத்து இடமூலைக் கப்பி துருப்பிடித்து அச்சோடு இறுகியிருந்தது. சுழலாத கப்பியின்மேல் வடம் அரைத்துக்கொண்டே சென்றதால், தொட்ட இடம் வெள்ளிபோல் பளபளத்தது. அங்கே இழைகள் பல அறுந்து, தென்னந்துடைப்பத்தின் நுனிபோல் சிலிர்த்து நின்றன. எஞ்சிய சில இழைகளே அந்த மூலையைத் தாங்கிக்கொண்டிருந்தன. குழந்தை தலையை நுழைத்தது அந்த மூலையில்தான்.

இருட்டிவிட்டது; தூறலும் தொடங்கியது. கூரை பாதியில் நிற்க வண்டியை இழுத்துச் செல்ல இயலாது. பழுது பார்க்கவும் அங்கே வழியில்லை. இறக்குவது ஒன்றே செய்யத்தக்கது. காரின் ஜாக்கியை ஒரு தடித்த பலகைமேல் நிறுத்தி, அதன்மேல் மரச்சட்டம் வைத்துத் தாழ்ந்த மூலையை மெல்ல உயர்த்திக் கூரையைச் சமமாக்கினோம். சமமானதும் குழாய்களின் நெருக்கம் விட்டது. பிறகு மூலைக்கு ஒருவராக நான்கு பேர் கூரையைத் தாங்க, ஐந்தாமவர் கைப்பிடியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்தினார். ஒரு சாண் இறங்கியதும் நிறுத்தி, முட்டுகளை எடுத்துக் குட்டையான கட்டைகளை வைத்தோம். இப்படியே கீழே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மாமியார் குடை பிடித்துக்கொண்டு நின்று, "விரல், விரல்" என்று ஒவ்வொரு முறையும் எச்சரித்துக்கொண்டே இருந்தார். அவ்விரவை நம் கூடாரத்தில் பெண்களும் குழந்தைகளும், காரில் ஆண்களும் கழித்தோம். பெரியவருக்கு முன் இருக்கை.

இறங்காத கூரை, ஏறாத கூரையைவிட ஆபத்தானது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கூரை தன் எடையால்தான் இறங்குகிறது. வின்ச் அதனை இழுத்து இறக்குவதில்லை. குழாய்க்கால் உலர்ந்து பிடித்துக்கொண்டால், கைப்பிடியைத் தளர்த்தத் தளர்த்த வடம் மட்டும் தொய்ந்து உருளையில் குளறிக்கொள்ளும், கூரை அசையாது. 'ஏன் இறங்கவில்லை' என்று எவராவது உள்ளே எட்டிப் பார்க்கும் வேளையில் குழாய் விட்டுக்கொடுத்தால், தொய்ந்த அளவு முழுவதும் கூரை சடாரென்று விழும். ஆகவே வடம் தொய்வதைக் கண்டவுடன் மறுபுறம் சுற்றி அதனை மீண்டும் இறுக்கிவிட்டு, முட்டுக் கொடுத்துவிட்டே காரணம் தேடவேண்டும்.

காரணம் எப்போதும் பெரிதாக இருக்கும் என்பதில்லை. நான்கு பக்கத்துக் கொக்கிகளில் ஒன்றைக் கழற்ற மறந்துவிட்டுக் கைப்பிடியோடு மல்லுக்கட்டியவர்களை நாம் கண்டிருக்கிறோம். மேடுபள்ளத்தில் நிறுத்தி, மூலை ஜாக்கிகளைக் கொண்டு வண்டியைத் தூக்கிச் சமமாக்க முயன்றால் அடிச்சட்டமே முறுகிக் குழாய்கள் பிடித்துக்கொள்ளும். ஜாக்கிகள் வண்டி ஆடாமல் நிறுத்துவதற்கு மட்டுமே. சமமாக்குவது சக்கரத்தின் கீழ் வைக்கும் பலகையின் வேலை. இறங்கும்போது கித்தான் மடிப்பு இடுக்கில் சிக்குவதும் உண்டு. இவை ஒன்றும் இல்லையென்றால் அறிகுறியைப் பார்க்கவேண்டும். நான்கு மூலையும் ஒருங்கே கனத்தால் நோய் வின்ச்சிலோ நடு வடத்திலோ இருக்கிறது. ஒரு மூலை மட்டும் பின்தங்கினால் அந்த மூலையின் வடம், கப்பி, குழாய் இம்மூன்றில் ஒன்றில் இருக்கிறது. கைப்பிடி இலேசாகச் சுழன்றும் கூரை எழவில்லையென்றால் வடம் அறுந்தோ கழன்றோ போயிருக்கும். தூக்கிய கூரை தானே நழுவினால் வின்ச்சின் தடையைச் சந்தேகிக்கவேண்டும். தடையுள்ள வின்ச்சில் ஏற்றும்போது பல்சக்கரத்தில் நாக்கு விழுந்து 'கிளிக் கிளிக்' என்று கேட்கும், இறக்கும்போது கேட்காது. ஏற்றும்போதும் அந்த ஒலி இல்லையென்றால் அத்தோடு நிறுத்திவிடுவது நல்லது.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர்கள் தாராளம். சமையலைப் போலவே வின்ச்சிலும் ஊற்றிவிடுகிறார்கள். அதன் தடைத்தட்டுகளில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் வழுக்கும், கூரை நழுவும். பல்சக்கரத்தின் பற்களுக்குச் சிறிது கிரீஸ் போதும். குழாய்க்கால்களுக்குக் கிரீஸ் ஆகாது. புழுதி ஒட்டிக்கொண்டு அரைக்கும். அவற்றைத் துடைத்துவிட்டுச் சிலிக்கோன் தெளிக்கவேண்டும். கப்பிகளின் அச்சுக்கும் வடத்துக்கும் மெல்லிய எண்ணெய் ஆண்டுக்கு இருமுறை. மறக்கப்படுவதும் பெரும்பாலும் கப்பிகளே. வண்டியின் அடியில் படுத்தால்தான் அவை கண்ணில் படும்.

நண்பரின் வண்டி மூன்று வாரத்தில் சீர்ப்பட்டது. ஒரு வடத்தை மட்டும் மாற்றலாம் என்று அவர் எண்ணினார். "ஒரே நாளில் பிறந்தவை நாலும், ஒன்றுக்கு வந்தது மற்றதற்கும் வரும்" என்று பெரியவர் மறுத்துவிட்டார். நான்கு வடங்களையும் எல்லாக் கப்பிகளையும் மாற்றினோம். கப்பியில் வளைந்து ஓடும் வடத்துக்கு ஏழு புரியும், புரிக்குப் பத்தொன்பது இழையும் கொண்ட கம்பிக்கயிறே ஏற்றது. இழை குறைந்த விறைப்பான கயிறு விரைவில் ஒடியும். கனம் பழையதற்குச் சமமாக இருக்கவேண்டும். முனையை மடித்துக் கவ்விபோட்டு முடுக்கும்போது, கவ்வியின் அடித்தட்டு சுமை தாங்கும் நீண்ட பக்கத்திலும், வளைந்த கம்பி வெட்டிய முனைப் பக்கத்திலும் அமையவேண்டும். முதலில் தலைகீழாகப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கழற்றினோம். தொழில் செய்த கூரையை அக்காலம் முழுவதும் மரமுட்டுகளே தாங்கின.

இறுதியாக நான்கு மூலைகளின் உயரத்தையும் நாடாவால் அளந்து, முடுக்கு நட்டுகளால் சமன் செய்தோம். கூரை முழு உயரத்தை எட்டியபின்னும் சுற்றினால் புது வடமும் அறுந்துவிடும். சில வண்டிகளில் அதற்கு ஓர் எல்லைக்கம்பி உண்டு. அது விறைத்தால் நிறுத்தவேண்டும். இந்த வண்டியில் அது காணாமற் போயிருந்தபடியால், குழாயில் சிவப்பு வர்ணத்தால் கோடு போட்டோம்.

வாங்கப்போகும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வோம். விற்பவர் கூரையை முன்னதாகவே தூக்கி நிறுத்தி, உள்ளே மெத்தை விரித்துக் காட்டுவார். அதைக் கண்டு மயங்கவேண்டா. நம் கண்ணெதிரே முழுதும் இறக்கி, மீண்டும் முழுதும் ஏற்றச் சொல்லவேண்டும், இருமுறையேனும். அப்போது நாம் மெத்தைப் பக்கம் நில்லாமல், சற்றுத் தள்ளிப் பின்புறம் நின்று, நான்கு மூலையும் ஒன்றாக எழுகின்றனவா என்று பார்க்கவேண்டும். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாமல் காது கொடுக்கவேண்டும். பிறகு ஒரு கோணியை விரித்து, இறக்கிய வண்டியின் அடியில் படுத்துக் கப்பிகளைப் பார்க்கவேண்டும். படுக்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்கவேண்டா. நம் நண்பர் வாங்கியபோது கூரை ஏறியே நின்றது. விலை மலிவு என்று அப்படியே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில், பெரியவர்கள் ஊர் திரும்புவதற்கு நான்கு நாள் முன்பு, அதே ஏரிக்கரைக்கு மீண்டும் சென்றோம். கைப்பிடியைப் பெரியவரே சுற்றினார். கூரை ஏறி முடியும் வரையில் குழந்தைகள் எட்டடிக்கு அப்பால் ஒரு கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். அந்த விதி இன்றும் அவ்வீட்டில் நடைமுறையில் இருக்கிறது. துருப்பிடித்த பழைய கப்பியை மாமியார் தூக்கி எறியச் சொன்னார். பெரியவர் அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பிச்சாட்டூருக்கே கொண்டுபோய்விட்டார்.

அளவாக அறுத்த மரமுட்டுகள், நெட்டையில் நான்கும் குட்டையில் எட்டுமாக, நம் வீட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. கேம்பர் கொண்டுசெல்லும் சங்கத்து அன்பர்கள் கேட்டு எடுத்துச் செல்லலாம். திருப்பித் தரும்போது பன்னிரண்டையும் எண்ணித் தரவேண்டும். சென்ற முறை ஒன்று அடுப்பு விறகாகிவிட்டது.